அழித்து எழுதிய விடைகள்

ஓய்வு பெற்ற பிறகு நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை அது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பள்ளிமுனைக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, வயது வந்தவர்களுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். நாட்டில் சண்டை ஓய்ந்திருந்தது. படிப்பை இடையில் விட்டவர்களையும் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். விண்ணப்பத்தைவிட, சேர்க்கைக்கு முன் வைக்கும் தரம் பார்க்கும் சோதனைதான் எல்லோரையும் வாட்டியது.

"பெயிலானா பேரை வெளியில ஒட்டுவினமோ, டீச்சர்?" என்று வலை முதலாளி ஒருவர் கேட்டார்.

"இதில பெயில் எண்டு ஒண்டும் இல்லை. மேல் வகுப்போ கீழ் வகுப்போ, உங்களை எதில இருத்துறது எண்டு பாக்கத்தான்."

தலையாட்டினார்கள். அடுத்த ஞாயிறு பார்த்தால், அத்தனை பேரும் பேனையை ஆசீர்வதிக்கப் பங்குச் சுவாமியிடம் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "சட்டை தைக்க அளவு எடுக்கிற மாதிரித்தான் இது. வயித்தை எக்கவும் வேண்டாம், நெஞ்சை விரிக்கவும் வேண்டாம். உள்ளபடி நில்லுங்கோ" என்று சத்தம் போட்டேன். அதன் பிறகுதான் முகங்கள் தெளிந்தன. கடைசியில் சோதனையைப் பென்சிலால் எழுதச் சொன்னார்கள் என்பது வேறு கதை.

அந்தக் கூட்டத்தில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு மச்சாள்மார் வருவார்கள். மூத்தவள் நண்டுச் சதை பிரிக்கும் கொட்டிலில் வேலை செய்தாள். விரலெல்லாம் ஓடு கீறிய காயம். இடப்பெயர்வில் பள்ளி இறுதிச் சாதாரண தரப் பரீட்சையைத் தவறவிட்டவள். இளையவள் அவளுடைய கணவனின் தங்கை, இன்னும் கலியாணம் ஆகாதவள். இருவருக்கும் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் போக ஆசை. அதற்குக் கல்லூரிச் சான்றிதழ் வேண்டும், முப்பத்தைந்து வயதும் தாண்டியிருக்கக் கூடாது. மேல் வகுப்பு ஒரு வருடம், கீழ் வகுப்பு இரண்டு. மூத்தவளுக்கு அப்போதே முப்பத்து நாலு. மேல் வகுப்புக் கிடைத்தால் மட்டுமட்டாகத் தப்புவாள்.

எனக்கு அதில் கவலையே இருக்கவில்லை. நான் கொடுத்த மாதிரி வினாத்தாளை எல்லோரும் மண்டையைப் போட்டு உடைக்க, அவள் பாதி நேரத்தில் முடித்துவிட்டு மச்சாளுக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

திருத்த ஆள் போதாது என்று கல்லூரியில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய தாள் என்னிடமே வந்தது. முதல் பக்கம் முழுக்கச் சரி. இரண்டாம் பக்கத்திலிருந்து, சரியாக எழுதிய விடைகளை அழித்துவிட்டுப் பிழையாக எழுதியிருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழித்த இடத்தில் சரியான விடை தடமாகத் தெரிந்தது.

மறுநாள் விறுவிறுவென்று நண்டுக் கொட்டிலுக்கே போனேன்.

"உனக்கென்ன விசரோ, பிள்ளை? ஏன் அழிச்சனி?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மேல் வகுப்பு கிழமை நாளில, கீழ் வகுப்பு சனிக்கிழமையில. மச்சாளுக்குக் கீழ் வகுப்புத்தான் கிடைக்கும். நான் மேல போனா அவளை ஆர் கூட்டிக்கொண்டு போறது, டீச்சர்? தனிய எண்டா வீட்டில விடமாட்டினம். அதோட அவளின்ர படிப்பு முடிஞ்சுது."

"உன்ர வயசு?"

"அளவு எடுக்கேக்க நான்தான் கொஞ்சம் வயித்தை எக்கினனான். நீங்கள் பிழையா விளங்கப்படுத்தேல்லை." ஈரக் கையைத் துடைத்தாள். "அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

கல்லூரியில் சொல்லித் திரும்ப எழுத வைக்கிறேன் என்றேன். அவள் மறுத்துவிட்டாள். வாரக்கணக்காகச் சோதனையை விளங்கப்படுத்திய நான், யார் யாரோடு வருவார்கள் என்று ஒரு நாளாவது கேட்டேனா? என்மேல் எனக்கே ஆத்திரமாக இருந்தது. ஆனாலும் அவள் எழுதியபடியே புள்ளி போட்டுக் கையெழுத்து வைத்தேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இரண்டு வருடமும் சனிக்கிழமைகளில் ஒன்றாகப் போய் வந்தார்கள். இருவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. பயிற்சிக்கு இளையவளை எடுத்தார்கள். மூத்தவளின் விண்ணப்பம் வயது கூடிவிட்டதென்று திரும்பி வந்தது.

போன வருடம் பக்கத்துத் தாராபுரம் போகும் பஸ்ஸில் இளையவள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். இப்போது முன்பள்ளி ஆசிரியை, கையில் பிள்ளைகளின் சித்திரக் கொப்பிகள். மச்சாள் எப்படி என்று கேட்டேன்.

"அதே நண்டுக் கொட்டில்தான், டீச்சர். பாவம், நல்லாப் படிக்கக் கூடியவ. அண்டைக்குச் சோதனையில பயந்துபோனா. நான் எவ்வளவோ சொன்னனான், பயப்பிடாதேங்கோ மச்சாள், உள்ளபடி எழுதுங்கோ எண்டு."

"ஓம் பிள்ளை" என்றேன். இறங்கும் இடம் வரும்வரை அவளுடைய கொப்பிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.