கடைசி நான்கு எண்கள்

அலுவலகத்தில் அவளை நட்சத்திரக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருவருடைய பெயரோ கைபேசி எண்ணோ கணினித் திரையில் வரும்போது எதைக் காட்டலாம், எதை நட்சத்திரக் குறி போட்டு மறைக்க வேண்டும் என்று விதி எழுதுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதையே செய்கிறாள். வீட்டிலும் அந்தக் குணம் விடவில்லை. பார்சல் வந்தால் முகவரிச் சீட்டைப் பொடிப்பொடியாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகுதான் பெட்டியைத் திறப்பாள். "உள்ள இருக்கிற செருப்பை எப்ப எடுக்கிறதா உத்தேசம், அடுத்த வருஷமா?" என்பார் கணவர்.

மருத்துவமனை வேலை போன வருடம் வந்தது. நோயாளியைப் பேர் சொல்லி உரக்கக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெரிய திரை வைத்தார்கள். அடுத்தவர் யார், எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அதில் வரும். நோயாளியின் பெயரை அவள் அடியோடு மறைத்தாள். கைபேசி எண்ணில் கடைசி நான்கை மட்டும் விட்டுவைத்தாள். வந்தவருக்குத் தன் முறை தெரிய வேண்டுமே. பிறகு வழக்கமான சோதனை: மறைத்த பட்டியலை அலுவலகத்தில் பத்துப் பேரிடம் கொடுத்து, யார் யாரென்று கண்டுபிடிக்கச் சொன்னாள். ஒருவராலும் முடியவில்லை. "கடவுளே வந்தாலும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டுத்தான் நிப்பார்" என்றார் சோதனைப் பிரிவுக்காரர். கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். பதினேழு மருத்துவமனைகளில் அந்தத் திரை ஓடுகிறது.

அந்தத் தைரியத்தில்தான் தங்கையையும் அதில் ஒன்றுக்கு அனுப்பினாள்.

தங்கை பள்ளி வேன் ஓட்டுபவள். கணவன் இறந்த பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன பேசும் என்று ஒரு வருடம் தட்டிக்கழித்தாள். "அங்க உன் பேரு ஈ காக்காவுக்குத் தெரியாது. நானே செஞ்ச வேலைடி அது" என்று சொல்லித்தான் அக்கா அவளைச் சம்மதிக்க வைத்தாள். மருந்து ஒத்துக்கொண்டது. தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று மருத்துவரே எழுதிக் கொடுத்தார்.

போன புதன்கிழமை, வேன் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்க வேண்டிய நேரத்தில், தங்கை அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வேன் எங்க?"

"சாவியை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நாள் ஓய்வெடுங்கன்னு சொல்றாங்க." செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "வேன்காரம்மா மனநலப் பிரிவுக்குப் போறாங்களாம்னு பெத்தவங்க வாட்ஸ்அப் குழுவுல போட்டிருக்காங்க. யார்கிட்டக்கா சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லலடி."

"அத்தான்கிட்ட?"

"அவருக்கே தெரியாது."

"அப்ப காத்து வந்து சொல்லிட்டுப் போச்சா?"

அக்கா தண்ணீர் கொடுத்தாள். தொடாமல் போய்விட்டாள் தங்கை.

அன்று பிற்பகலே அக்கா மருத்துவமனைக்குப் போய், கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தான் செய்த திரையை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நட்சத்திரங்கள் வரிசை தப்பாமல் நின்றன. ஆறாவது வரியில் 6308, சிறுநீரகம் என்று வந்தது. 6308 அவர்கள் வீட்டுக்கு வரும் மின்சாரக்காரர். அந்த எண்ணைச் சமையலறைக் கதவின் பின்னால் எழுதி வைத்திருக்கிறாள். மூன்று வரிசை முன்னால் அவர் பிடரி தெரிந்தது. அவர் திரும்புவதற்குள் எழுந்து வெளியே வந்தாள்.

தங்கையின் எண் வேனின் பின்பக்கம் சாண் உயர எழுத்தில் இருக்கிறது, வண்டி தாறுமாறாகப் போனால் கூப்பிடச் சொல்லி. முப்பது தாய்மார்கள் காலையும் மாலையும் அந்த எண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். அலுவலகத்தில் கண்டுபிடிக்கத் தெரியாமல் விழித்த பத்துப் பேருக்கும் பட்டியலில் இருந்த ஒருவரையும் தெரியாது. இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களோ நாலு தெருவுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டது என்று நினைத்த பூனைக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

சும்மா இருந்துவிடலாம். தங்கை அத்தானைச் சந்தேகிப்பாள், அவர் பாவம், என்ன ஏது என்று தெரியாமலே கொஞ்ச நாள் முறைப்பு வாங்குவார், பிறகு ஆறிவிடும். பேருந்து நிறுத்தம்வரை இந்த நினைப்பு அவளோடு நடந்து வந்தது. இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் தங்கை வீட்டுக்கே போனாள்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் ஒரு தடவைகூடத் தங்கை நிமிரவில்லை.

"அப்ப யாரும் சொல்லல. நீதான் எழுதிப் போட்டிருக்க."

"ஆமா."

"நல்லா இருக்குக்கா. முழுப் பூசணிக்காயை மறைச்சுட்டு, காம்பை மட்டும் வெளிய விட்டிருக்க."

மடித்த துணியைத் தங்கை மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

"இன்னிக்கும் அது ஓடுதா?"

"பதினேழு இடத்துல."

"அப்ப இங்க என்ன பண்ற? என்கிட்ட அழுதா திரை நின்னுடுமா?"

அக்கா அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். முதலில் மேலாளரைக் கூப்பிட்டாள். "எழுத்துல குடும்மா. யாரோட பிழைன்னும் போடணும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றாள். என் பிழை என்று முதல் வரியிலேயே எழுதினாள். இனி வருபவருக்குக் கையில் ஒரு சீட்டு எண் கொடுத்து அதை மட்டும் காட்ட வேண்டும், அதுவரை திரையை அணைத்து வைக்க வேண்டும் என்று எழுதினாள். அந்தப் படிவத்தில் 'எடுத்துக்காட்டு' என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பாமல் அனுப்ப முடியாது. அவள் விரல் தன்னால் மூன்று எண்களைத் தட்டிவிட்டது.

தங்கை தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"என் நம்பரைப் போடாத" என்றாள்.

அக்கா அதை அழித்துவிட்டுத் தன் எண்ணின் கடைசி நான்கைப் போட்டாள். பிரிவு என்ற இடத்தில் மனநலம் என்று எழுதி அனுப்பினாள்.