நாய்க்குப் பின்னால்

பழைய படம் எதிலாவது நாய் இருந்தால் என் கண் முதலில் நாய்க்குப் பின்னால்தான் போகும். ராஜா காலத்து ஓவியமானாலும் சரி, துப்பாக்கியோடு நிற்கும் வெள்ளைக்காரத் துரையின் படமானாலும் சரி. மகள் ஒருமுறை என்னை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு சீமாட்டியின் எண்ணெய் ஓவியம் இருந்தது, மடியில் நாய்க்குட்டியோடு. எல்லோரும் சீமாட்டியின் நகையைப் பார்த்தார்கள். நான் குட்டியின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாம்மா தேடுற?" என்றாள் மகள். சொன்னால் அழுதுவிடுவேன் என்று அடுத்த ஓவியத்துக்கு நகர்ந்தேன்.

எழுபதுகளில் நாங்கள் ஜவ்வாது மலையில் இருந்தோம். அப்பா காட்டு பங்களாவுக்குக் காவல். ஆபீசர்கள் வந்தால் வெந்நீர் வைப்பார், வராத நாளில் ஒட்டடை அடிப்பார். பங்களாக் கூடத்தில் ஒரு பழைய படம் தொங்கியது. துரை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் அவன் மனைவி, முன்னால் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு வேட்டை நாய். அப்பா அந்தக் கண்ணாடியைத் துடைக்காத நாள் கிடையாது. "நாயி எப்டி குந்தினுகீது பாரு. நம்ம வூட்லயும் ஒண்ணு கீதே" என்பார். பங்களாவில் அந்த நாய்க்கு இருந்த மரியாதை அப்பாவுக்கு இருந்ததில்லை. அது அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

எங்கள் நாய் செவலை. ஒரு காது மடிந்திருக்கும். சாமைக் கொல்லைக்குள் காட்டுப்பன்றி வராமல் பார்த்துக்கொள்ளும். அப்பா அம்மா யாரையும் ஒரு பொருட்டாக மதிக்காது. என்னைவிட ஐந்து வயது சின்னவளான என் தங்கை சொன்னால் மட்டும் கேட்கும்.

ஒருநாள் பெரிய ஆபீசர் ஒருவர் வந்தார். அவரைப் படம் பிடிக்கக் கலசப்பாக்கத்திலிருந்து ஒரு போட்டோக்காரரும் ஜீப்பில் கூட வந்தார். வேலை முடிந்து கேமராவை உறையில் போடப் போனவர், அப்பா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "பிலிம்ல ஒண்ணு மிச்சங்கீது. உங்க வூட்டு ஆளுங்கள வந்து நிக்கச் சொல்லுப்பா" என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார். பங்களா நாற்காலியை வெளியே போட்டு, துரை மாதிரியே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா, அவளை ஒட்டி நான், முன்னால் நாய். அது என்ன துரைவீட்டு நாயா, சொன்ன பேச்சைக் கேட்க? எழுந்து எழுந்து ஓடியது. "சின்னப்பொண்ணு, நீ பின்னால குந்தி அத கெட்டியா புடிச்சுக்கோ" என்றார் அப்பா. தங்கை நாய்க்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் தோளுக்கு மேல் முகத்தை நீட்டிச் சிரித்தாள். "அசையாதீங்க" என்றார் போட்டோக்காரர். அந்த நேரம் பார்த்துக் காட்டுக்கோழி ஒன்று கூவ, நாய் தலையைத் தூக்கியது.

சில வாரம் கழித்து போட்டோக்காரர் பஸ் கண்டக்டரிடம் படத்தைக் கொடுத்தனுப்பினார். நாய் அவ்வளவு திருத்தமாக விழுந்திருந்தது. மடிந்த காது, மூக்கின் ஈரம்கூடத் தெரிந்தது. தங்கையின் முகம் இருக்க வேண்டிய இடம் முழுக்க நாயின் தலை. கழுத்தைச் சுற்றிய இரண்டு கைகளும் அதில் கிடந்த கண்ணாடி வளையல்களும்தான் அவள். அப்பாவுக்கு வந்ததே கோபம்! பார்க்க வந்த மாமா, "நாயக் கண்டா கல்லக் காணோம்பாங்க. இங்க நாயக் கண்டா பொண்ணக் காணோமே" என்று சிரித்தார். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது தங்கைதான். வருகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டி, "நான் இங்கதான் கீறேன். நாயிக்குப் பின்னால கீறேன். உங்களுக்குத்தான் தெர்ல" என்பாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பஸ் வரும் பாதையை மழை அறுத்துவிட்டிருந்தது. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கினோம். நாயும் கூடவே இறங்கியது. அடிவாரம் சேரும் முன்பே அவள் போய்விட்டாள். மழை விடாததால் அவசர அவசரமாகக் குழியில் மண்ணைத் தள்ளினார்கள். அம்மாவை நெடுநேரம் முகம் பார்க்கவும் விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

புளி உலுக்கும் பருவம் வந்தது. ஒரு காலையில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "அவ மூக்கு எப்டிடி இருந்துச்சு? என்ன மாதிரியா, உங்கப்பா மாதிரியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மறுநாள் கண்ணைப் பற்றிக் கேட்டாள். "கண்ண மூடுனா நாயி மூஞ்சிதாண்டி வருது. அவ வரமாட்டேங்கிறா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த நாயைக் கண்டாலே ஆகவில்லை. கஞ்சி ஊற்ற மாட்டாள். வாசலில் படுத்தால் விறகை எடுத்து வீசுவாள். அடி வாங்கிக்கொண்டு ஓடும், மறுபடி வந்து அதே இடத்தில் படுக்கும்.

புளி விற்கக் கலசப்பாக்கத்துக்கு இறங்கியபோது அம்மா என்னையும் கூட்டிப்போனாள். சந்தைக்கு முன்னால் ஸ்டுடியோவுக்குத்தான் போனோம். துணியில் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்துப் போட்டோக்காரரிடம் நீட்டினாள்.

"இந்த நாய மட்டும் எடுத்துட்டு குடுங்க சாமி."

"நாய எடுத்துட்டா அங்க இன்னாம்மா இருக்கும்?"

"எம்பொண்ணு இருப்பா. அதுக்குப் பின்னாலதான குந்தினு இருந்தா? நீங்கதான புடிச்சீங்க?"

அவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தங்கை இல்லை என்பதை என் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டார். "கேமரா நாயத்தாம்மா பாத்துச்சு. பின்னால இருந்தத அது பாக்கலியே" என்றார் மெல்ல. அம்மா நகரவில்லை. அவருக்கும் மனசு கேட்கவில்லை. "வேணும்னா அந்த எடத்துல ஒரு மூஞ்சி வரைஞ்சு தர்றேன். பொண்ணு எப்டி இருப்பான்னு சொல்லுங்க" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். சொல்ல அவளுக்கு எதுவும் வரவில்லை. படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"அவருக்கு எடுக்கத் தெர்ல" என்று மலையேறும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் படத்தை மடியில் வைத்து, ஈரத்துணியால் நாயின் தலையை ஊற வைத்து, கட்டைவிரல் நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவேளை இருந்துவிட்டால்? காது போயிற்று, கண் போயிற்று, மூக்கு போயிற்று. அடியில் வெறும் வெள்ளைத் தாள் இருந்தது. அம்மா படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். விறகுக்குப் பயந்து நாய் உடம்பைக் குறுக்கியது, ஓடவில்லை. அம்மா அதற்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. நாய் அசையாமல் நின்றது. நான் கதவருகில் நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தபோது அம்மாவின் முகம் தெரியவில்லை.