பாவில் விழுந்த ஒரு கை உப்பு

காஞ்சிபுரத்தில் நான் குடித்தனம் தொடங்கிய முதல் வருஷத்தை நினைத்தால், எல்லாமே நீராவிக்குப் பின்னால் தெரிவது போலத்தான் தெரிகிறது. வடித்த கஞ்சியின் ஆவி, நனைந்த பட்டின் வாசனை, எங்கிருந்தோ கோயில் மணி, நடுவில் விடாமல் தறிச்சத்தம். விழித்துக்கொண்டே தூங்கினேனா, தூங்கிக்கொண்டே வேலை செய்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உப்பு விஷயம் ஒன்றுதான் துல்லியமாக நினைவிருக்கிறது.

நான் வாலாஜாபாத்துப் பெண். அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. பட்டுப் புடவையைக் கட்டத் தெரியும், அது எப்படி உண்டாகிறது என்று தெரியாது. பாத்திரம் பண்டத்தோடு நான் கொண்டுவந்த பெரிய சொத்து ஒரு நோட்டுப் புத்தகம். வாரப் பத்திரிகைகளில் வரும் வீட்டுக் குறிப்புகளைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையால் அதில் ஒட்டி வைத்திருந்தேன். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வைத்தால் சீக்கிரம் அழுகாது. எலுமிச்சம்பழத்தை ஈர மணலில் புதைத்து வைக்கவும். உடைத்த தேங்காய் மூடியில் உப்பைத் தடவவும். உப்பு ஜாடிக்குள் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் மழைக்காலத்திலும் உப்பு கசியாது. இந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே ஆண்டுவிடலாம் என்று எனக்கு நினைப்பு. பத்தொன்பது வயதில் வேறென்ன நினைப்பு இருக்கும்?

வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாமியார், பட்டு நெய்கிற என் வீட்டுக்காரர், கல்யாணத்துக்கு நின்ற நாத்தனார், நான். அந்த வீட்டு அடுப்படிக்குச் சட்டதிட்டமே வேறு. எண்ணெய்க் கையோடு தறிப்பக்கம் போகக் கூடாது. மஞ்சள் தொட்ட கையைக் கடலைமாவு போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும். காற்று தறிக் கூடத்துப் பக்கம் அடித்தால் அன்றைக்குத் தாளிப்பே கிடையாது. கடுகு வெடித்த புகை பட்டில் போய் உட்கார்ந்துவிடுமாம். இதையெல்லாம் மாமியார் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் வாணலியை ஏற்றினால், வந்து இறக்கி வைத்துவிட்டுப் போவார். திட்டுகிற மாமியாரிடம் எதிர்த்துப் பேசலாம், பேசாத மாமியாரை என்ன செய்வது? எனக்கு அவரிடம் பயம்.

ஐப்பசி பிறந்தது. நாத்தனாருக்குத் தையில் கல்யாணம். ஊருக்கெல்லாம் கூறைப்புடவை நெய்து கொடுத்த வீட்டில், அந்த வீட்டுப் பெண்ணுக்கென்று ஒரு பாவு ஏறப்போகிறது. பாவு நூலை, அதாவது புடவையின் நீளவாக்கில் ஓடும் இழைகளை, தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தெளித்து, நீவி நீவிக் காயவைப்பார்கள். அப்போதுதான் இழை விறைத்துத் தறியில் அறுபடாமல் நிற்கும்.

"இந்தப் பாவுக்கு நீ காச்சுமா கஞ்சி" என்றார் மாமியார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடிவதற்குள் காய்ச்சி இறக்கினேன். இறக்கிய நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழையில் எங்கே பாவை நீட்டுவது? வேலை மறுநாளைக்குப் போயிற்று. கஞ்சி பானையில் நின்றது. ஒரு நாள் கிடந்தால் புளித்துவிடுமே, நான் காய்ச்சிய முதல் கஞ்சியாயிற்றே என்று எனக்குத் தவிப்பு. நோட்டைப் புரட்டினேன். 'கஞ்சி சீக்கிரம் புளிக்காமல் இருக்க உப்புச் சேர்க்கவும்' என்று தெளிவாக இருந்தது. அது மனிதர்கள் குடிக்கிற கஞ்சிக்குச் சொன்னது என்று யோசிக்க எனக்கு மூளை எங்கே? ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, தட்டைப் போட்டு மூடினேன். பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் வானம் வெறித்திருந்தது. தெருவின் நீளத்துக்கு அரக்குச் சிவப்பில் பாவு கிடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து நீவிக்கொண்டே போனார்கள். கஞ்சி வாசனையில், இளவெயிலில், அந்தச் சிவப்புக்கு அடியில் ஒரு கோழி நிதானமாக நடந்து போனது. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காலைப் பொழுது முடியாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் எனக்கு ஆசைதான்.

பாவு தறியில் ஏறிய இரண்டாம் நாள் அடைமழை தொடங்கியது. இழைகள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காலையிலிருந்து என் வீட்டுக்காரர் நெய்தது ஒரு சாண்கூட இல்லை. அறுந்ததை முடிவதும், முடிந்தது மறுபடி அறுவதுமாக இருந்தது. நாத்தனார் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூறைப்பாவு இப்டி அறுந்துக்கினே இருக்குதே அண்ணி. ராசியில்லாதவளுன்னு சொல்லிடுவாங்களா?"

அவள் கண் கலங்கியிருந்தது. நான் போய்க் கூடத்து நிலைப்படியில் நின்றேன். அவர் அறுந்த இழை ஒன்றின் நுனியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குது."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். இங்கே தின்றது நூல். மழைக்காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தது. தின்னக் கொடுத்தவள் நான். விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"பிரிச்சு அலசிட முடியாதாங்க?"

"தறியில ஏறினத எங்க அலசறது? காஞ்சாத்தான் நெய்யலாம். மழை எப்ப விடும்னு யாரு கண்டா?" அறுந்த இழையை மறுபடி முடியக் குனிந்தார். "அம்மாகிட்ட சொல்லிக்கினு நிக்காத. மழை ஈரம்னு நான் சொல்லிக்கிறேன்."

அடுப்படிக்குத் திரும்பினேன். நோட்டை அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். அப்போது கண்ணில் பட்டது அந்தக் குறிப்பு, உப்பு ஜாடிக்கு வறுத்த அரிசி. ஜாடிக்குச் சரிப்பட்டால் தறிக்கு ஏன் கூடாது?

அரிசிக்கு ஊரே அல்லாடிய காலம் அது. அப்பா அனுப்பிய அரிசியில் நாலு படியை எடுத்து, சிவக்க வறுத்து, பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டினேன். பாவுக்கு அடியில் நெடுக அடுக்கினேன். நெய்கிறவர் கால் விடும் தறிக்குழிக்குள்ளும் இரண்டு வைத்தேன். அவர் பார்த்துச் சிரித்தார், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அரிசி நமுத்துப்போகும். மறுநாள் விடியலில் அதையே மறுபடி வறுப்பேன். இழை மெல்ல மெல்ல விறைத்தது. அறுபடுவது பத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. வெளியே மழை, உள்ளே சூடான அரிசி வாசனை, அதற்குள் ஒரு சிவப்புப் புடவை விரல் விரலாக வளர்ந்துகொண்டிருந்தது. எத்தனை நாள் என்று கணக்கே தெரியவில்லை. ஒரே நாள் நீண்டுகொண்டே போனது போல இருந்தது.

ஆனால் சமைக்கும்போது உப்பு ஜாடிப் பக்கம் கை போகக் கூசியது. போட்டால் ஒரு சிட்டிகை, அதுவும் பாதி நாள் இல்லை. ஒருநாள் நாத்தனார் ஒரு வாய் வைத்துவிட்டுத் தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "சாப்புடு" என்றார் மாமியார். அவரும் சாப்பிட்டார். என் வீட்டுக்காரரும் தலை குனிந்து சாப்பிட்டார். பயத்தில் என் நாக்குக்கு எந்த ருசியும் தெரியவில்லை.

கார்த்திகையில் புடவை தறியிலிருந்து இறங்கியது. மாமியார் அதைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். பிறகு மடித்து மகள் மடியில் வைத்தார். அவள் அதை முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். நான் அங்கே நிற்க மாட்டாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மாமியார் பின்னாலேயே வந்தார். பலகையிலிருந்து உப்பு ஜாடியை இறக்கி, என் கைக்கு எட்டுகிற மாதிரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இழை அறுந்த அன்னிக்கே நானும் நாக்குல வெச்சுப் பாத்துட்டேம்மா. புடவை நல்லபடியா எறங்கிடுச்சு. இனிமேலாச்சும் கொழம்புக்கு உப்புப் போடு."

அந்த வீட்டில் அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் எனக்குக் கை அளவு தெரியவில்லை. அன்று குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியது போல் ஆகிவிட்டது. மாமியார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.