சாமியாரின் நாலாவது சுற்று

1964 பிப்ரவரி 8, சனிக்கிழமை, மாலை நாலு மணி நாற்பது நிமிடம். வெயில் இறங்கவில்லை, மலைப் பக்கமிருந்து வறண்ட காற்று. எனக்குப் பத்து வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில், கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்றிருந்தேன். நிமிடம் ஒன்று முன்பின் இருக்கலாம். அது என்னை இன்னும் உறுத்துகிறது.

வாட்ச் அந்தக் கிறிஸ்தவப் பள்ளியை நடத்திய அயர்லாந்துச் சாமியாருடையது. துறவியாகும் முன் அவர் தன் நாட்டில் ஒன்பது வருடம் மைல் பந்தயம் ஓடியவர். இருபத்திரண்டு பந்தயம், பதினொரு வெற்றி. கேட்டு எழுதி வைத்திருந்தேன். என் மாமாவுக்கு ஓட்டம் பழக்கியதும் அவர்தான். ஒரு வருடம் பயிற்சி கொடுத்தால் மெட்ராஸ் பந்தயத்துக்கு அனுப்பலாம் என்று ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார். மில்லில் பஞ்சு எடை போடும் தாத்தாவோ, இருபது வயது மாமாவுக்கு அங்கேயே வேலை பேசி முடித்திருந்தார்.

“நீங்க அம்புட்டுப் பெரிய ஓட்டக்காரரா சாமி? அப்பம் இவன் உங்கள முந்தட்டும், ஒரு வருசம் தாரேன். இல்லேன்னா திங்கக்கிழமை மில்லு.”

சாமியார் சிரித்தபடி ஒப்புக்கொண்டார்: மைதானத்தை நாலு சுற்று, ஒரு மைல். அவருக்கு வயது நாற்பத்தேழு.

அவர் அங்கியைக் கழற்றி மடித்து வைத்ததும் பையன்கள் கத்தினார்கள்: “ஏலே, சாமிக்கும் காலு இருக்குலே!”

ஓட்டம் தொடங்கியதும் கத்தல் அடங்கிவிட்டது. அவர் கால் தரையில் படும் ஓசையே கேட்கவில்லை. முதல் சுற்று எழுபத்திரண்டு நொடி. இரண்டாவதும் எழுபத்திரண்டு. மூன்றாவதும் அதையே காட்ட, வாட்ச் நின்றுவிட்டதோ என்று உதறிப் பார்த்தேன். ஒரு மனிதர் கடிகாரத்தைப் போல ஓட முடியும் என்பதை அன்றுதான் கண்டேன், உடம்பு சிலிர்த்தது. பத்தடி பின்னால் மாமா வாயைப் பிளந்துகொண்டு வந்தார். நாலாவது சுற்றில் எட்டிப் பிடித்து, முந்தி, கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தார். சாமியாருக்கு அந்தச் சுற்று எண்பது நொடி. வந்து மாமாவைத் தூக்கி அணைத்துக்கொண்டார்.

வீட்டில் தாத்தா வேண்டா வெறுப்பாக, “சரி, ஒரு வருசம்” என்றார். மாமா சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். நான் வாயை மூடியிருக்கலாம். சாமியாரின் பெருமையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

“தாத்தா, சாமி மூணு சுத்தும் சரியா எழுபத்திரண்டு! ஒரு நொடி கூடக் குறைய இல்ல!”

“நாலாவது?”

“எண்பது.”

“மூச்சு வாங்குச்சாலே?”

“இல்ல தாத்தா. வாயவே தெறக்கல.”

தாத்தா மாமாவைப் பார்த்தார். “கேட்டியாடா? சாமி ஒனக்குப் பிச்ச போட்டிருக்காரு.”

மாமாவின் கை தட்டிலேயே நின்றது. கொடுத்த வாக்கைத் தாத்தா திரும்ப வாங்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை சங்கு ஊதும் முன்பே மாமா மில் வாசலில் நின்றார். சாமியார் இரண்டு முறை தேடி வந்தார். மாமா பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

எனக்கும் நாற்பத்தேழு வயதானபோது ஒருநாள், ராஜபாளையம் பஸ் நிலையத்தில் நகரத் தொடங்கிய பஸ்ஸின் பின்னால் ஓடினேன். மூச்சு இரைக்கவில்லை, வாய் மூடித்தான் இருந்தது. கால்தான் வரவில்லை. முதலில் போவது மூச்சல்ல, கால். அங்கேயே உட்கார்ந்து அந்த நாலு சுற்றையும் மறுபடி கணக்கிட்டேன். சாமியார் விட்டுக்கொடுக்கவில்லை. மாமா உண்மையாகவே ஜெயித்திருந்தார்.

அதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மில்லில் சேர்ந்து முப்பத்தேழு வருடம் நாலு மாதம் ஆகியிருந்தது.