நான் பார்த்த ஆறு பிரசவங்கள்

1991இல் படப்பைப் பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் நான் டியூட்டர். ஆண்கள் வார்டில் மாணவிகளுக்குக் கட்டுப்போடச் சொல்லித்தருவேன். நடுநடுவே ஜோக்கும் அடிப்பேன். பிரின்சிபால் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் இரண்டும் மறந்துபோகும். மாணவிகள் எதிரிலேயே எங்களை நிற்கவைத்துத் திட்டுவது அவர் வழக்கம்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய நாள் பார்த்தாக வேண்டிய பிரசவக் கணக்கில் ஆறு மாணவிகளுக்குத் தலா ஒன்று குறைந்தது. பார்க்காத பிரசவத்தைப் பார்த்ததாக நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேடம். பிரசவப் பாடம் எடுத்த மணிமங்கலத்து சிஸ்டர் மாட்டேன் என்றுவிட்டார். நோட்டுகள் என் மேசைக்கு வந்தன.

“நீயாவது உருப்படியா ஒரு வேலை செய்யி.”

செய்தேன். தாய்மார்களுக்கு நானே பெயர் வைத்தேன். யாருடையதென்று தெரியாதபடி கிறுக்கிக் கையெழுத்தும் போட்டேன். அட்மிஷன் நம்பரை, பதற்றத்தில், கைக்கு எட்டிய ரிஜிஸ்டரிலிருந்து எழுதினேன். அது என் வார்டு ரிஜிஸ்டர்.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அம்மாள் நம்பரைச் சரிபார்த்தார். குடலிறக்கத்துக்குச் சேர்ந்த அறுபது வயதுப் பெரியவருக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. வேறொருவர் செய்திருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன்.

மேடம் சிஸ்டரிடம் திரும்பினார். “உன் பாடம்தானே இது?”

“என் கையெழுத்து இல்ல மேடம்.”

“அப்ப யாரோடது?”

யாருடையது என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பயிற்சிப் பொம்மையின் மணிக்கட்டில் மும்முரமாக நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். பொம்மைக்கும் சேர்த்து எனக்கே அடித்தது.

மதியமே சிஸ்டரை வேலையை விட்டு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

“இன்னா சார், எதுக்கெடுத்தாலும் ஒரு ஜோக் வெச்சுகினு இருப்பீங்க. அங்க வாயே தொறக்கல?”

“பயந்துட்டேன் சிஸ்டர்.”

“எனக்கு மட்டும் பயமில்லியா? வூட்ல இன்னா சொல்றதுன்னு தெரியாமதான் நிக்கிறேன்.”

பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று நேராக மேடம் அறைக்குப் போனேன். அவர் தலையை நிமிர்த்தினார்.

“என்னய்யா?”

“சாக்பீஸ் தீந்துபோச்சு மேடம்.”

ஒரு பெட்டி கொடுத்தார். மறுநாள் முதல் சிஸ்டருடைய வகுப்பும் எனக்கே. அந்தச் சாக்பீஸால்தான் ‘பிரசவம்’ என்று கரும்பலகையில் எழுதினேன். திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் அந்த ஆறு பேரும் நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.