நான் சொல்லிக்கொடுத்த பச்சை பட்டன்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஹட்டனில் ஒரு தேயிலைக் கம்பனியின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். தோட்டத்து ஊழியர்கள் லீவுக்கு விண்ணப்பிக்க கம்பனிக்கென்று ஓர் இணையத்தளம் உண்டு. அதை உருவாக்கியவன் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அப்போதுதான் அக்கரப்பத்தனைப் பெண் ஒருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். ஊழியர்கள் அந்தத் தளத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பதுதான் அவள் வேலை. ஒரே மாதத்தில் மேலாளர் எதற்கெடுத்தாலும் அவளையே கூப்பிட ஆரம்பித்தார். "அண்ணே, டீ குடிச்சீங்களா?" என்று அவள் அன்பாகக் கேட்டாலும் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள், கொழுந்து பறிக்கும் பெண்களின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவரை அவள் வரவழைத்திருந்தாள். அவர் தன் போனில் லீவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், யாரும் உதவக்கூடாது. என் தளத்தில் குறை கண்டுபிடித்து நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். வாசலிலேயே அக்காவை மறித்து, "எல்லாத்தையும் நிரப்பிட்டு, கடைசியில இருக்கிற பச்சை பட்டன அமத்துங்க" என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

மேலாளரும் வந்து நின்றார். அக்கா ஒவ்வொன்றாக நிரப்பி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், நீங்க வாசல்ல சொன்ன பச்சை பட்டனக் காணமேங்க?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். அந்தச் சின்னத் திரையில் பக்கத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, பட்டனே தெரியவில்லை. நான் என் மேசைக் கணினியில் மட்டுமே சோதித்துப் பார்த்திருந்தேன்.

"மக பேறுகாலத்துக்கும் இதே போன்ல இப்பிடித்தான் மூணு தடவ நிரப்பினேங்க. பதிலே வரல. லீவு இல்லன்னுட்டாங்கன்னு நெனச்சி போகாமயே இருந்துட்டேன்" என்றார் அக்கா, கோபமே இல்லாமல்.

மேலாளர் என்னை முறைத்தார். அவர் வாய் திறப்பதற்குள், "அண்ணனும் நானும் இன்னைக்கே சரி பண்ணிடுறோம் சார்" என்றாள் அந்தப் பெண். அவள் கொடுத்த அறிக்கையில் நான் வாசலில் செய்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பெருந்தன்மையும் என்னைச் சுட்டது.

அன்று மாலைக்குள் திருத்திவிட்டோம். அடுத்த வாரமே அக்காவுக்கு லீவு கிடைத்து, பேரப்பிள்ளையைப் பார்க்க வட்டகொடைக்குப் போனார்.

இன்றும் என் பக்கத்தில் இருப்பவரை யாராவது பாராட்டினால் நெஞ்சு லேசாக எரியத்தான் செய்கிறது. ஆனால் என் கவனக்குறைவால் மகளின் பிரசவத்துக்குப் போக முடியாமல்போன ஒரு தாய், என்னை ஒரு வார்த்தை திட்டாமல் எழுந்து போனதை நினைத்தால் அந்த எரிச்சல் தானாகவே அடங்கிவிடுகிறது.