பட்டுக்கு அடியில் தோப்கியால்

கியான்ட்ஸே சந்தையில் பட்டு விற்கிறவர்கள் இன்றைக்கு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். காசிப் பட்டு எது, செங்டு பட்டு எது என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கோவேறு கழுதைகளின் பின்னால் சாணி மிதித்து நடந்தவன், பள்ளிக்கூட வாசலை எட்டிக்கூடப் பார்க்காதவன், இன்று கல் கட்டிய கடையில் கம்பளம் விரித்து உட்கார்ந்திருக்கிறேன். எவனும் கைதூக்கி விடவில்லை. எழுத்துகூட நரை விழுந்த பிறகு நானே கற்றுக்கொண்டதுதான். அதனால் நோர்சோமைப் பற்றி நான் எழுதுவது கொஞ்சம் கோணலாக இருக்கலாம், பொய்யாக இருக்காது. சுவரில் தொங்கவிட்டுக் கும்பிடும் துணி ஓவியத்தை நாங்கள் தங்கா என்போம்; அவள் தைத்த ஒவ்வொரு தங்காவுக்கும் பட்டு என் கடையிலிருந்துதான் போனது.

ஓவியன் என்னதான் வரைந்தாலும் சட்டத்திலிருந்து அவிழ்த்துக் கொடுக்கும்போது அது வர்ணம் பூசிய வெறும் துணிதான். சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டுப் பட்டை வைத்து, அதற்கு வெளியே ஜரிகைப் பட்டு வைத்துத் தைத்து, மேலும் கீழும் கட்டை கோர்த்து, முன்னால் மெல்லிய திரை தொங்கவிட்டால்தான் அது சுவரில் ஏறும், கும்பிடு வாங்கும். எங்கள் பக்கம் அந்த வேலையை ஆண்கள்தான் செய்வார்கள். நோர்சோம் யாரையும் கேட்கவில்லை. கம்பளிக் கோட்டுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் கிழிந்த பழைய தங்கா ஒன்றைப் பிரித்துப் பார்த்து, பிரித்த வழியிலேயே திரும்பத் தைத்தாள். அதற்குப் பிறகு ஷிகாட்ஸேயிலிருந்துகூட அவளைத் தேடி ஆள் வந்தது.

உயரமானவள். மூக்குப்பொடி போடுவாள். வாய் ஊசியைவிடக் கூர்மை. ஒரு வியாபாரியின் மனைவி அவசரப்படுத்தியபோது நானே பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா-லா, ஊசி நடக்கும், ஓடாது. ஓடணும்னா உங்க வீட்டு நாயை உட்கார வச்சுத் தைக்கச் சொல்லுங்க" என்றாள்.

அந்த அம்மாள் வெண்ணெய்த் தேநீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒருவன் பெயரை மட்டும் சொல்லமாட்டாள். அவன் தோப்கியால்.

மடங்களையெல்லாம் அடித்து நொறுக்கிய வருஷங்களில் அவன் நோர்சோம் குடும்பத்துக்கு அடுத்த வீட்டுக்காரன். அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து சாம்பா மாவு பிசைந்து சாப்பிட்டு வளர்ந்தவன். நோர்சோமின் அப்பாவும் தையல்காரர்தான். சாரோக் மடத்து லுங்தோக் லாமாவின் உருவம் வரைந்த பழைய தங்கா ஒன்றை அவர் பார்லிப் பெட்டியில், தானியத்துக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார். அந்தப் பெட்டியில் பார்லி கொட்ட உதவியவன் தோப்கியால். அதனால் அவனுக்குத் தெரியும்.

கையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு ஆட்களோடு வந்தான். தங்காவைச் சுற்றியிருந்த பட்டை வெட்டித் தன் ரேடியோவுக்கு உறை போட எடுத்துக்கொண்டான். லாமா இருந்த துணியை அடுப்பில் போட்டுத் தேநீர் கொதிக்க வைத்தான். பிறகு நோர்சோமின் அப்பாவை வாசற்படியில் மண்டியிட வைத்து, வலது கையைப் படிமேல் வைக்கச் சொல்லி, பூட்ஸ் குதிகாலால் விரல்களை நசுக்கினான். அதே நாள் உயிரோடிருந்த லுங்தோக் லாமாவின் முதுகில் சாணிக் கூடையை ஏற்றித் தெருவில் நடத்தினார்கள். அவருடைய மஞ்சள் தொப்பியை ஒரு கழுதைக்கு மாட்டிவிட்டவனும் தோப்கியால்தான். நான் என் கழுதைகளோடு அந்தத் தெருமுனையில் நின்றிருந்தேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அப்பா மறுபடி ஊசி பிடிக்கவேயில்லை. அடுத்த குளிர்காலத்தில் போய்விட்டார். லாமாவும் அதிக காலம் இருக்கவில்லை. "விட்டுடு, நோர்சோம், காலம் அப்படி" என்று ஊரில் சிலர் சொன்னார்கள்.

"நான் விட்டுட்டா அப்பாவுக்கு விரல் முளைக்குமா?" என்று கேட்டாள்.

காலம் மாறியது. மடத்துச் சுவர்களைத் திரும்பக் கட்டினார்கள். தோப்கியால் லாரி வாங்கினான், மரம் ஏற்றினான், வயிறு வளர்த்தான். உழைப்பால் வந்தவன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டான். உழைப்பு என்றால் என்னவென்று என் முழங்கால்களைக் கேட்டால் தெரியும். பணம் வந்தவனுக்கு அடுத்தது புண்ணியம் வேண்டும். சாரோக் மடத்துக்கு லுங்தோக் லாமாவின் புதுத் தங்கா கொடுக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, லோதென் என்ற ஓவியனிடம் போனான். நான் பட்டுத் துண்டுகளைக் காட்டுவதற்காக அங்கே போயிருந்தேன்.

லாமாவை வரைய முகஜாடை தேவையில்லை. தொப்பியும் கைமுத்திரையும் மடியில் வைத்த புத்தகமும் போதும், பார்த்தவுடன் எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் தோப்கியால் ஒரு ஸ்டுடியோ போட்டோவை நீட்டினான். லாமாவுடையதல்ல. அவனுடையது.

"கீழ் ஓரத்துல நான் மண்டி போட்டு லாமாவுக்கு மரியாதையாக் காதாத் துண்டு கொடுக்கிற மாதிரி போடணும். இதே முகம், இதே நரித்தோல் தொப்பி. காதுல வளையம் தெரியணும்."

"போடலாம், முதலாளி. கொடுத்தவங்களை ஓரத்துல போடுறது வழக்கம்தான். கட்டைவிரல் அளவு வரும்" என்றான் லோதென்.

"கட்டைவிரலா? நான் என்ன கொசுவா? உள்ளங்கை அளவுக்குப் போடு."

"அவ்வளவு பெருசாப் போட்டா உங்க தொப்பி லாமாவோட தாமரை ஆசனத்துல முட்டும்."

"அப்போ கீழே இறக்கு. கீழே இவ்வளவு துணி சும்மா கிடக்குதே."

"அங்க ஓரக்கோடு வருது. நீலக்கோடு போட்டு அதுக்குள்ளதான் எல்லாம்."

"கோட்டை எடுத்துடு. எனக்கும் கும்பிட வர்ற ஜனங்களுக்கும் நடுவுல எதுக்கு வேலி?"

லோதென் என்னைப் பார்த்தான். நான் பட்டைப் பார்த்தேன். அந்தக் கோடு தையல்காரருக்காகப் போடுவது. கோட்டுக்கு வெளியேதான் பட்டு நிற்க வேண்டும், உள்ளே ஒரு நூல்கூட ஏறக்கூடாது என்பதற்கு அடையாளம் அது ஒன்றுதான். லாரி ஓட்டத் தெரிந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? "சரி, முதலாளி, உங்க இஷ்டம்" என்றான் லோதென். மூன்று பக்கமும் நீலக்கோடு போட்டான். கீழே போடவில்லை.

வரைந்து முடிந்ததும் துணியைச் சுருட்டிக்கொண்டு தோப்கியால் நோர்சோமின் வீட்டுக்கே வந்தான். அந்தத் தைரியத்தை மட்டும் மெச்ச வேண்டும். ஊரில் முதல்தரத் தையல் அவளுடையது, முதல்தரம் இல்லாத எதையும் அவன் தொடுவதில்லை.

"ஆச்சா-லா, பழசெல்லாம் போச்சு. அப்போ எல்லாருமே அப்படித்தான இருந்தோம். நல்லாத் தைச்சுக் கொடுங்க" என்றான், அக்கா என்று உறவு கொண்டாடி.

அவள் துணியை விரித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "என்ன பட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் போன பிறகு நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அவன் கொண்டுவந்த வேலையை ஒத்துக்கிட்டியா?"

"லுங்தோக் லாமாவைத் தைக்கச் சொன்னா மாட்டேன்னு சொல்லுவேனா, ஜோலா? நாளைக்குச் சிவப்பும் மஞ்சளும் கொண்டு வா. கெட்டியா இருக்கணும்."

ஜோலா என்றால் அண்ணன், ஊரில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மறுநாள் கொண்டுபோனேன். துணியைப் பலகைமேல் விரித்திருந்தாள். நான் கொடுத்த சிவப்புப் பட்டையைக் கீழ் விளிம்பில் வைத்தாள். மெதுவாக மேலே நகர்த்தினாள். தோப்கியாலின் முழங்கால் மறைந்தது. வயிறு மறைந்தது. இன்னும் நகர்த்தினாள். காது வளையம், அந்தச் சிரிப்பு, நரித்தோல் தொப்பி எல்லாம் பட்டுக்கு அடியில் போய்விட்டன. மேலே லுங்தோக் லாமா தாமரைமேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் ஆசனத்தில் ஒரு இதழ்கூட மறையவில்லை. தோப்கியால் நீட்டிய வெள்ளைக் காதாவின் நுனி மட்டும் பட்டிலிருந்து முளைத்தது போல வெளியே தெரிந்தது.

நான் சிரித்துவிட்டேன். "துணியை வெட்டிடுவியோன்னு நினைச்சேன்."

"ஒரு நூல்கூட வெட்டமாட்டேன். மூடத்தான் போறேன். உசுரோட இருக்கட்டும், உள்ளேயே."

"அந்தக் காதா நுனியையும் மூடிடலாமே?"

"அது லாமாவுக்குக் கொடுத்தது. அதை மறைக்க நான் யாரு?"

அன்று தேநீர்கூடக் குடிக்காமல் தைத்தாள். அவள் தைத்து எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவ்வளவு நெருக்கமான தையலை அதற்கு முன் பார்த்ததில்லை.

திருநாள் அன்று ஜனங்கள் முன்னால்தான் திரையைத் தூக்க வேண்டும், அதற்கு முன் தான்கூடப் பார்க்கமாட்டேன் என்று தோப்கியாலே சொல்லியிருந்தான். அதனால் தங்கா நேராக மடத்துக்குப் போனது. மடத்துப் பெரியவரை நாங்கள் குஷோ-லா என்போம். லுங்தோக் லாமாவுக்குப் பணிவிடை செய்தவர். அவர் தங்காவின் பின்பக்கத்தில் லாமாவின் நெற்றி, தொண்டை, நெஞ்சு இருக்கும் இடங்களில் மந்திர எழுத்து எழுதி, குங்குமப்பூத் தண்ணீரில் கைகளை நனைத்து இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, பூஜை செய்து உயிர் கொடுத்தார். பின்பக்கத்தில் எழுதியவர் முன்பக்கத்தைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

திருநாள் வந்தது. முற்றம் கொள்ளவில்லை. தோப்கியால் பிள்ளைகள், மருமகள்களோடு முன்வரிசையில், அதே நரித்தோல் தொப்பியோடு நின்றான். திரை மேலே போனது. ஜனங்கள் விழுந்து கும்பிட்டார்கள். பெரியவர்கள் சிலர் அழுதார்கள். எழுந்த பிறகு எல்லாக் கண்ணும் கீழ் ஓரத்தைத் தேடியது. தன் உருவம் அங்கே இருக்கிறது என்று அவனே மாசக்கணக்கில் சொல்லி வைத்திருந்தானே.

"முதலாளி எங்கப்பா?"

"காதா வந்திருக்கு, ஆளைக் காணோம்."

"வர்ற வழியில டீசல் தீர்ந்திருக்கும்."

முற்றம் முழுக்கச் சிரிப்பு. தோப்கியாலின் காது பட்டைவிடச் சிவந்தது. குஷோ-லாவிடம் ஓடினான். "பிரிக்கச் சொல்லுங்க! இப்பவே பிரிக்கச் சொல்லுங்க!"

"பிரிக்கலாம்" என்றார் குஷோ-லா அமைதியாக. "ஆனா உயிர் கொடுத்தாச்சு. முதல்ல உள்ள இருக்கிற லாமாவை நான் கேட்டு வெளியே அனுப்பி வைக்கணும். அப்புறம் தைச்ச கையாலதான் பிரிக்கணும். வேற எவன் ஊசி பட்டாலும் நான் திரும்ப அழைக்கமாட்டேன். போய் நோர்சோமைக் கேளு."

கேட்க வந்தான். நான் அவள் வீட்டில் பார்லிக் கள்ளான சாங் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆச்சா-லா, கை தவறிப்போச்சு போல."

"தவறல."

"சரி, உனக்கு என்ன வேணும், சொல்லு. வீடு பழசா இருக்கு..."

"அடுத்த திருநாள்ல முற்றத்துல நில்லு. என் அப்பா கையை என்ன பண்ணினேன்னு சொல்லு. லாமா தொப்பியை எது தலையில மாட்டினேன்னு சொல்லு. அன்னிக்கே பிரிச்சு விடுறேன். உன் மூஞ்சி காலத்துக்கும் லாமா காலடியில இருக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். "ஜோலா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"நான் பட்டு விக்கிறவன்" என்றேன்.

கொஞ்ச நேரம் தொப்பி ரோமத்தைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு தரையைப் பார்த்து முணுமுணுத்தான். "இங்கேயே சொல்லிடுறேன். நான்தான் மிதிச்சேன். பூட்ஸ் காலால. அவர் கும்பிட்டார். கும்பிடக் கும்பிட மிதிச்சேன்."

நோர்சோம் கையிலிருந்த தையலை நிறுத்தவில்லை. "சத்தமே வரலையே? அன்னிக்கு எங்க வாசல்ல நின்னு கத்தினது ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. அந்தத் தொண்டை எங்க போச்சு?"

"பசங்க நிப்பாங்க, ஆச்சா-லா. மருமகளுங்க நிப்பாங்க. பொண்ணுங்க முன்னாடி எப்படி..."

"நானும் ஒரு அப்பனுக்குப் பொண்ணுதான். நானும் நின்னேன்."

எழுந்து போய்விட்டான். வெளியில் அவன் லாரி கிளம்ப மறுத்து இருமிக்கொண்டே இருந்தது. எனக்கு அதைக் கேட்க இனிமையாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

அந்த வருஷம் முழுக்க ஊரில் இதே பேச்சு. சொல்லுவான் என்று சிலர், மாட்டான் என்று சிலர். மறு திருநாளில் முற்றம் முன்னைவிட நிறைந்திருந்தது. திரை தூக்கியதும் தோப்கியால் முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றினான். நோர்சோம் தூணருகே நின்றாள். அவள் இடுப்பில் ஊசிக்கூடு தொங்கியது. கூப்பிட்டால் அந்த இடத்திலேயே பிரிக்கத் தயாராகத்தான் வந்திருந்தாள். சொன்ன வார்த்தையை மீறுகிறவள் அல்ல.

அவன் வாயைத் திறந்தான். பெரிய மகன், "என்னப்பா?" என்று பக்கத்தில் வந்தான். தோப்கியால் மகனைப் பார்த்தான், தங்காவைப் பார்த்தான். பட்டிலிருந்து நீண்டிருந்த அந்தக் காதா நுனியைப் பார்த்தான். வாயை மூடினான். விளக்குக்கு வெண்ணெய் வைத்துவிட்டு, தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனான்.

மறுநாள் காலையில் நோர்சோம் என் கடைக்கு வந்தாள். இருப்பதிலேயே கெட்டியான பட்டு நூலைக் கேட்டாள். நூலோடு நானும் மடத்துக்குப் போனேன். அவள் தங்காவின் முன்னால் விழுந்து கும்பிட்டாள், உட்கார்ந்தாள். கீழ்ப் பட்டையில் பழைய தையலுக்கு மேலேயே இன்னொரு வரிசை போட ஆரம்பித்தாள். நூல் சிக்காமல் நான் முனையைப் பிடித்துக்கொண்டேன். குஷோ-லா வந்து பார்த்தார். அவளுக்கு வெளிச்சம் போதவில்லை என்று வெண்ணெய் விளக்கைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.